சிஸ்டரிடம் கேளுங்கள்: பதிவு எண் வந்தாச்சு, வேலை எங்கே?

இந்த முறை சர்க்கரை, தைராய்டு, முழங்கால் வலிக் கடிதங்களை எல்லாம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். படிப்பை முடித்து, நர்சிங் கவுன்சில் பதிவும் வாங்கிவிட்டு வேலைக்கு அலையும் புது நர்சுகளின் கடிதங்கள் அவ்வளவு வந்திருக்கின்றன. தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டாக இருந்து, வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்களை நேர்முகத்தில் பார்த்தவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முழங்கால்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், பி.எஸ்சி. நர்சிங் முதல் வகுப்பில் தேறினேன். ஆர்.என்.ஆர்.எம். (நர்ஸ், மருத்துவச்சி) பதிவும் கிடைத்துவிட்டது. பாண்டிச்சேரி, சென்னை என்று ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எல்லா இடத்திலும் குறைந்தது ஒரு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் வேண்டும் என்கிறார்கள். யாராவது சேர்த்துக்கொண்டால்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்? எங்கள் ஊர் நர்சிங் ஹோமில் மட்டும் கூப்பிட்டார்கள். மாதம் எட்டாயிரம். அங்கே இருக்கும் மற்ற மூன்று பேரும் நர்சிங் படித்தவர்களே இல்லை. என் படிப்புக்கு அப்பா வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. போகட்டுமா, காத்திருக்கட்டுமா?
— வாசகி, திண்டிவனம்

பதில்: மற்ற மூன்று பேரும் படித்தவர்களே இல்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். உனக்கு வேலை கிடைக்காததற்கு முதல் காரணமே அதுதானம்மா. பத்தாவது முடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருஷம் போய் வந்த பெண்ணுக்கு அதே யூனிஃபார்மை மாட்டி வார்டில் நிறுத்தினால், நோயாளிக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. முதலாளிக்குப் பணம் மிச்சம். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு உன்னைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு வேறு. புதிதாக வருகிறவளை இரண்டு மூன்று மாதமாவது சீனியர் கூடவே நிறுத்த வேண்டும். அதுவரை இரண்டு பேருக்குச் சம்பளம், நடப்பது ஒரு ஆள் வேலை. அந்தச் செலவைப் பக்கத்து ஆஸ்பத்திரி செய்யட்டும், பழகினவளை நாம் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். மீட்டிங்கில் இதை வாய்விட்டே சொல்வார்கள், கேட்டிருக்கிறேன்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு குழு போட்டது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்கு இணையாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டன. கேரளத்து நர்சுகள் விடாமல் போராடி, 2018-ல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் ஏற்ற வைத்தார்கள். நம் பக்கம் எட்டாயிரத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ‘ஃப்ரெஷர்தானே’ என்று ஒரு சமாதானம் வேறு.

சரி, போவதா வேண்டாமா? நான் உன் அம்மாவாக இருந்தால் அங்கே அனுப்ப மாட்டேன். எட்டாயிரம் கூட இரண்டாம் பட்சம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயாளிக்கு பி.பி. விழுகிறது, டாக்டர் வீட்டில் தூங்குகிறார் என்று வைத்துக்கொள். நீ யாரைக் கேட்பாய்? அங்கே பதிவு பெற்ற நர்ஸ் நீ ஒருத்திதான். ஏதாவது ஏடாகூடமானால் கேஸ் ஷீட்டில் இருக்கும் கையெழுத்தும் உன்னுடையது, கேள்வி கேட்கப்படும் பதிவு எண்ணும் உன்னுடையது. முதல் வேலையில் சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது, நைட் டியூட்டியில் உன் கூட யார் இருப்பார்கள் என்பதை. உனக்குச் சொல்லித்தர, உன்னைத் திட்ட, நரம்பு கிடைக்காதபோது உன் கையிலிருந்து கேனுலாவை (நரம்பில் ஏற்றும் குழாய் ஊசி) வாங்கிப் போட்டுக் காட்ட ஒரு சீனியர் வேண்டும். பதின்மூன்றாயிரம் கொடுத்து அப்படி ஒரு சீனியரையும் கொடுக்கிற இடம், பதினெட்டாயிரம் கொடுத்து வார்டைத் தனியே உன் தலையில் கட்டுகிற இடத்தைவிட மேல்.

தேடுவதிலும் கொஞ்சம் மாற்றிச் செய். எச்.ஆர்.-க்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பாய். நேரில் போய், எச்.ஆர். அறையைத் தாண்டி, நர்சிங் சூப்பிரண்டைப் பார்க்க வேண்டும் என்று கேள். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் போகாதே, பதினொன்றரைக்கு மேல் போ. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு நிறைய பேர் வேலையை விடுவார்கள். அடுத்த இரண்டு வாரம் எந்த சூப்பிரண்டுக்கும் ரோஸ்டர் (டியூட்டிப் பட்டியல்) போட ஆள் இருக்காது, அப்போது வாசலில் வந்து நிற்கிற ஃப்ரெஷரைத் திருப்பி அனுப்ப மனசு வராது. என்.ஏ.பி.எச். என்கிற மருத்துவமனைத் தர அங்கீகாரம் வாங்கிய, வாங்கத் தயாராகும் மருத்துவமனைகளாகப் பார்த்துப் போ. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நர்சுகளின் பதிவுச் சான்றையும் பயிற்சிப் பதிவேட்டையும் காட்டியாக வேண்டும் என்பதால், படித்தவர்களைத் தேடுகிற கட்டாயம் அங்கே இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது கிளினிக்கல் போஸ்டிங் போனாயே, அந்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு உன் முகம் ஞாபகம் இருக்கும். அங்கேயும் ஒரு நடை போய்விட்டு வா.

சேரும் இடத்தில் சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதே. கையில் ரொக்கமாகக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குகிற இடத்தில் வேலை பார்த்தால், நாளைக்கு அதை எக்ஸ்பீரியன்ஸ் என்று நிரூபிக்கத் திண்டாடுவாய்.

கேள்வி: என் மகளுக்கு நல்ல பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டுமாம். இரண்டு வருஷம் பாண்டு, நடுவில் விட்டால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்கிறார்கள். தொகை எழுதாத செக்கும் ஒன்று கேட்கிறார்கள். வேலை கைநழுவிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: செக் கொடுக்காதீர்கள். அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டலாம். காட்டிவிட்டு அன்றைக்கே வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் செட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஊழியரின் சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டமும் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவில்லை. ‘எல்லாருமே கொடுத்திருக்கிறார்கள் அம்மா’ என்பார்கள். ‘கொடுக்கிறோம், என்னென்ன வாங்கினோம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி சீல் வைத்துத் தாருங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே ஜெராக்ஸ் போதும் என்று இறங்கி வருவார்கள்.

பாண்டு வேறு விஷயம். போடக் கூடாது என்று நான் ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நிஜமாகவே பயிற்சி கொடுக்கிற இடம், ஒரு வருஷமாவது இருக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் லட்சம் என்று எழுதிவிட்டதாலேயே லட்சத்தையும் வசூலித்துவிட முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கச் சொல்லும். எழுதியிருக்கும் தொகை அதற்கு உச்ச வரம்பு, அவ்வளவுதான். பாண்டின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். தொலைபேசி எண் 15100. வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனதும் பீரோச் சாவி தானாகக் கிடைத்துவிடும்.

கேள்வி: நேர்முகத்தில் என்ன கேட்பீர்கள் மேடம்? எனக்குப் பதில் தெரிந்தாலும் வாய் வருவதில்லை.
— ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்தவர், தென்காசி

பதில்: ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கு மனப்பாடம் செய்துகொண்டு வருவதை முதலில் நிறுத்து. அந்த இங்கிலீஷை அந்த நாளிலேயே நிறைய முறை கேட்டிருப்போம்.

நான் மேசையில் ஒரு ட்ரே வைத்திருப்பேன். அதில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் ஒன்று, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் வயல் (மருந்துக் குப்பி) ஒன்று, சலைன் ஏற்றும் ஐ.வி. செட் ஒன்று. பொட்டாசியத்தை எடுத்துக் கையில் கொடுத்து, ‘டாக்டர் எழுதியிருக்கிறார், போடு’ என்பேன். ஸ்லோவாகப் போடுவேன் மேடம் என்று சொன்னவர்கள் ஏராளம். அதை நேராக நரம்பில் தள்ளினால், எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும், இதயம் நின்றுவிடும். பாட்டிலில் கலந்து, நன்றாகக் குலுக்கி, அளவு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஹெப்பாரின் வயலில் ஒரு மில்லிக்கு 5,000 யூனிட் என்று போட்டிருக்கும். 2,500 யூனிட் வேண்டும் என்றால் எத்தனை மில்லி? அரை மில்லி. பரீட்சையில் சரியாக எழுதினவர்களே ட்ரேக்கு முன்னால் முழிப்பார்கள். 500 மில்லி சலைன், நான்கு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழுகிற செட் என்றால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 42. விரலை விட்டு எண்ணினாலும் பரவாயில்லை, போட்டுப் பார்த்துச் சொல்.

ஒரு தடவை நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆம்பியூலைக் கையில் வாங்கி, லேபிளைத் திருப்பிப் படித்துவிட்டு மறுபடி ட்ரேயிலேயே வைத்தாள். ‘நான் இதுவரை இதைப் போட்டதில்லை மேடம். இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் நின்றால்தான் போடுவேன்’ என்றாள். வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எச்.ஆர். தம்பிக்கு ஏனென்று புரியவில்லை, அவள் இங்கிலீஷ் சுமார் என்று குறித்து வைத்திருந்தார்.

வாய் வரவில்லை என்றால் தமிழில் சொல். வார்டில் நோயாளியிடம் எந்த பாஷையில் பேசப் போகிறாய்?

கேள்வி: ஆண் நர்ஸ் என்றாலே ‘பெண்கள்தான் வேண்டும்’ என்று வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுகிறார். படிக்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) வேலைக்குப் போகலாமா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஜெனரல் வார்டு, மகப்பேறு என்று கேட்டுக்கொண்டு போகாதே தம்பி. ஐ.சி.யூ., டயாலிசிஸ், எமர்ஜென்சி, ஆர்த்தோ, ஆபரேஷன் தியேட்டர் என்று பிரிவைச் சொல்லிக் கேள். எண்பது கிலோ நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிற இடங்களில் ஆண் நர்ஸ் வேண்டாம் என்று எந்த இன்சார்ஜும் சொல்ல மாட்டார். டயாலிசிஸ் யூனிட்டுகள் இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டன. மிஷினைக் கற்றுக்கொண்டவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

108 நல்ல வேலை, கை பழகும், பயம் போகும். ஆனால் நாளைக்கு வெளிநாடு போக நினைத்தால், அங்கே கேட்பது ஆஸ்பத்திரியில் படுக்கையருகே நின்று பார்த்த அனுபவம். ஆம்புலன்ஸ் வருஷங்களை அதில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதே. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணியில் 80 சதவீதம் பெண்களுக்கு, மிச்சம் 20 சதவீதத்துக்குள்தான் ஆண்கள் போட்டி போட வேண்டும். மனசைத் தளரவிட அல்ல, எவ்வளவு மார்க் எடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடத்தான் சொல்கிறேன்.

கேள்வி: எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), நார்செட் தேர்வுகளுக்கு முழு நேரக் கோச்சிங் சேரலாமா? இப்போதிருக்கும் சின்ன வேலையை விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில். நான் ஜி.என்.எம்.
— வாசகி, அரியலூர்

பதில்: விடாதே. எய்ம்ஸ் நடத்தும் நார்செட்டை பி.எஸ்சி. முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜி.என்.எம். என்றால், 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். அதாவது உனக்கு வேலையும் பரீட்சைக்கான தகுதிதான். நீ இருக்கும் இடத்தில் 50 படுக்கை இல்லையென்றால் அப்படி ஒரு இடத்துக்கு மாறு. அடிப்படைச் சம்பளமே 44,900, கஷ்டப்பட்டுப் படிப்பதற்குத் தகுந்த வேலை. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, அதை மறந்துவிடாதே. ரயில்வே மருத்துவமனைகளுக்கு ரயில்வே தேர்வு வாரியமான ஆர்.ஆர்.பி. அறிவிக்கும் நர்ஸ் பணிக்கும் அதே சம்பள நிலைதான், அதற்கு ஜி.என்.எம். போதும்.

எம்.ஆர்.பி. பற்றி வீட்டில் ‘கவர்மென்ட் வேலை’ என்று ஒரே வார்த்தையில் பேசுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நீ தெரிந்துகொண்டு போ. தேர்வு எழுதி உள்ளே போனாலும் முதலில் தொகுப்பூதியம்தான், மாதம் ஒரே தொகை. வருஷா வருஷம் ஏறும் நிரந்தரச் சம்பளமான காலமுறை ஊதியத்தில் இடம் காலியாகக் காலியாகத்தான் உள்ளே எடுப்பார்கள். 2015-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தபோது மாதச் சம்பளம் 7,700 ரூபாய். அவர்கள்தான் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்து போராடியவர்கள். கொரோனா சமயத்தில் அவசரமாக எடுத்த நர்சுகளை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னதும் நடந்தது. இதையெல்லாம் மீறியும் எழுது என்றுதான் சொல்வேன், ஏனென்றால் காலமுறைக்கு வந்துவிட்டால் அதற்கு ஈடான தனியார் வேலை நம் ஊரில் கிடையாது. ஆனால் அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காராதே.

இதற்கு நடுவில் மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இரு. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில்தான் போடுவார்கள், பேப்பரில் மூலையில் வரும். 18,000 ரூபாய், பதினொரு மாத ஒப்பந்தம். நிரந்தரம் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். ஆனாலும் தனியார் இடத்தில் பத்தாயிரத்துக்கு நிற்பதைவிட இது தேவலை.

கேள்வி: குவைத்துக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறார். எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே என்றதற்கு, இரண்டு வருஷச் சர்டிபிகேட்டை அவரே ஏற்பாடு செய்வாராம், அதற்குத் தனியாக நாற்பதாயிரம். தோழிகள் சிலர் கொடுத்துவிட்டார்கள்.
— வாசகி, புதுக்கோட்டை

பதில்: உன் தோழிகளை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. வளைகுடா நாடுகளில் உன் சான்றிதழைச் சரிபார்க்க டேட்டாஃப்ளோ என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. சர்டிபிகேட்டில் பெயர் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராக எழுதிக் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் அந்த வேலை மட்டும் போகாது, மறுபடி விண்ணப்பிக்கிற வழியும் அடைபடும். நாற்பதாயிரம் கொடுத்து அந்தக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமா?

2015-ல் கொச்சி ஏஜென்சி ஒன்றின் மேல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு நர்சிடமும் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வருஷம்தான், குவைத், சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. நமக்கு அப்படி இருப்பது சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-லிருந்து நடக்கிறது. அங்கே பெயரைப் பதிந்து வை. யாராக இருந்தாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். நான்கு லட்சம் கேட்கும்போதே அவர் யார் என்று தெரிந்துவிட்டதே. பணம் கொடுத்த தோழிகள் ரசீதோ, ஜிபே விவரமோ இருந்தால் எடுத்துக்கொண்டு எஸ்.பி. ஆபீசுக்குப் போகட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏஜென்டுக்குத்தான் வசதி.

இரண்டு வருஷம் இங்கே ஒரு நல்ல ஐ.சி.யூ.வில் நிஜமாகவே வேலை பார்த்துவிட்டுப் போ. ஜெர்மனிக்குப் போக, ஜெர்மன் மொழியை ‘பி 2’ நிலை வரை படிக்கலாம் என்று மனசிருந்தால் அந்த இரண்டு வருஷத்துக்குள் அதையும் முடித்துவிடலாம்.

கேள்வி: நான் 40 படுக்கை மருத்துவமனை நடத்துகிறேன். ஃப்ரெஷர்களை எடுத்துக் கற்றுக்கொடுத்தால், ஆறே மாதத்தில் கோயம்புத்தூருக்கு ஓடிவிடுகிறார்கள். உங்கள் பகுதியில் எப்போதும் நர்சுகள் பக்கமே பேசுகிறீர்கள். எங்கள் கஷ்டம் யாருக்குத் தெரியும்?
— மருத்துவர், ஈரோடு மாவட்டம்

பதில்: கஷ்டம் தெரியாமல் இல்லை டாக்டர். ஆள் நிற்காததால் ரோஸ்டரை அடித்து அடித்து எழுதினவள் நானும்தான். நீங்கள் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம், அதைக்கூடச் செய்யாதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஆனால் என் அனுபவத்தில், விட்டுப் போகிறவர்களிடம் ஏன் போகிறாய் என்று கேட்டால் சம்பளத்தை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள். முதலில் சொல்வது நைட் டியூட்டியை. தொடர்ந்து பதினைந்து நைட், அடுத்த நாள் ஆஃப் இல்லை, ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், ஆள் வரவில்லை என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நிற்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சம்பளம் எவ்வளவு ஏறும் என்று சேரும்போதே கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். நைட்டை வாரத்துக்கு ஒரு முறை மாற்றி, முடிந்ததும் முழுதாக ஒரு நாள் விடுங்கள். அப்படியும் சிலர் போவார்கள், போகட்டும். நீங்கள் கற்றுக்கொடுத்த பெண் கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள் என்றால், அவள் தங்கையும் தோழியும் உங்கள் வாசலுக்குத்தான் முதலில் வருவார்கள்.

உங்கள் நாற்பது படுக்கைக்கு நைட்டில் எத்தனை நர்ஸ், அதில் பதிவு பெற்றவர்கள் எத்தனை பேர்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அதை வைத்துக்கொண்டு பேசலாம்.